எடைமேடைக்காரியின் வைஃபை

மாதம் நூற்றிருபத்தொன்பது ரிங்கிட் கட்டுகிறேன்.
துர்காஷினியின் வகுப்பில்
வாத்தியார் வாயைத் திறந்தபடியே உறைந்துபோகிறார்.
"வட்டம் சுத்துதும்மா."
வட்டம் நேற்றும் சுற்றியது.

ஞாயிறு மத்தியானம், மீனை ஊறவைத்துவிட்டு
ரூட்டரின் முதுகில் ஒட்டிய தாளைப் பார்த்து
உள்ளே போனேன்.
நான்கு வருடமாகப்
பூட்டைத் தொங்கவிட்டுச் சாவியையும் அதிலேயே விட்டிருக்கிறேன்.

வீட்டில் ஆள் மூன்று.
பட்டியலில் கருவி இருபத்தொன்று.

எண்ணத் தெரியும் எனக்கு.
பாடாங் செராய் தாண்டி, செம்பனை ஆலை வாசலில்
பதினோரு வருடமாக லோரி எண்ணுகிறவள்.
நம்பர் பட்டியலில் இருந்தால் கட்டை உயரும்.
இல்லையென்றால் டிரைவர்
அக்கா என்றாலும் தெய்வமே என்றாலும்
கட்டை கட்டைதான்.

ஒவ்வொரு கருவிக்கும்
பன்னிரண்டு எழுத்தில் ஒரு முகவரி உண்டாம்,
லோரியின் நம்பர் பிளேட் மாதிரி.
பரீட்சைத் தாளின் பின்பக்கத்தில் எழுதினேன்:
மகளின் மடிக்கணினி. அவள் கைப்பேசி.
வீரையாவின் கண்ணாடி உடைந்த கைப்பேசி.
என்னுடையது. தொலைக்காட்சி.
சாமி அறையில் பாடுகிற சின்னப் பெட்டி.
ஆறு.
மீதிப் பதினைந்தும் யார்?

பக்கத்து வீட்டு யுவனேஸ் ஒத்துக்கொண்டான்.
கடவுச்சொல்லை ஆளுக்கு ஒரு ரிங்கிட்டென்று
வரிசை முழுக்க விற்றிருக்கிறான்.
"ஒங்களுக்கும் ஒரு பங்கு தரவாக்கா?"

இரவே பட்டியலைச் சேமித்தேன்.
கட்டை இறங்கியது.
வெளியே நின்ற முதல் கருவி
என்னுடையது.

புதுக் கைப்பேசி அல்லவா,
ஆள் தெரியாமலிருக்க வேறு முகவரி போட்டுக்கொள்ளுமாம்.
சொந்த வாசலில் முக்காடிட்டு நின்று
திற திற என்கிறது.
வீரையா சிரித்தார்.
சிரிப்பு பாதியில் நின்றது.

முப்பத்தெட்டு வயதுவரை சிவப்பு ஐசி வைத்திருந்தவர்.
பிறந்தது இதே தோட்டத்து ஆஸ்பத்திரிக் கட்டிலில்.
அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை.
முக்காட்டை எடுக்கும் பொத்தான் எங்கே என்று
இருவரும் சேர்ந்து தேடினோம்.

இது முழுப் பூட்டில்லை, தெரியும்.
போன வருடம் திருட்டுக் குலையோடு ஒரு லோரி
வேறொரு லோரியின் நம்பரை மாட்டிக்கொண்டு வந்தது.
நான்தான் கட்டையைத் தூக்கினேன்.
நம்பர் சரியாக இருந்தது.
டயரில் ஒட்டியிருந்த மண்
எங்கள் தோட்டத்து மண் இல்லை.
அதைப் பார்க்காமல் விட்டேன்.

செவ்வாய் இரவு, பதினொன்று நாற்பது.
மற்ற பதினான்கும் மறுநாளே விட்டுப் போய்விட்டன.
ஒரே ஒரு முகவரி மட்டும்
தட்டித் தட்டித் திரும்பிக்கொண்டிருந்தது,
முப்பத்தோராவது தடவை.

பின்கதவைத் திறந்தேன்.
சாக்கடை ஓரம், என் வாழைக்குக் கீழே,
கையுறை ஃபேக்டரிச் சட்டையில் ஒருவன் குந்தியிருந்தான்.
இருட்டில் முகம் மட்டும் தெரிந்தது.
திரையில் ஒரு குழந்தையின் படம்,
அதன் மேல் அதே வட்டம்.
"மாஃப், காக்," என்று எழுந்தவன்
ஒரு சிலிப்பரைச் சேற்றில் விட்டே போனான்.

ரூட்டரில் விருந்தாளிக்கென்று தனி வாசல் இருக்கிறது.
அங்கிருந்து வீட்டுக்குள் எட்டிப்பார்க்க முடியாது.
பழைய பெயரையும் பழைய கடவுச்சொல்லையும் அதற்குக் கொடுத்தேன்.
வீட்டுக்குப் புதிது,
யுவனேஸ் பத்து ரிங்கிட் கொடுத்தாலும் கிடைக்காது.
பதினொன்றரையிலிருந்து பன்னிரண்டரை வரை,
ஒரே ஒரு முகவரிக்கு.

இந்தக் கருவியின் பெயர் என்ன என்று கேட்டது.
எனக்கெப்படித் தெரியும்?
காலியாக விட்டால் சேமிக்க மாட்டேன் என்றது.
வாழையடி என்று போட்டேன்.

சிலிப்பரைக் கழுவிப்
பின்படியில் வைத்திருக்கிறேன்.
மணி பதினொன்று இருபத்தைந்து.
பச்சை விளக்கு மினுக்குகிறது.
அது துர்காஷினிதான்,
படிக்கிறேன் என்று சொல்லி
நாடகம் பார்க்கிறாள்.